மலையில் செய்யும் வேலையையும் எழுதுங்கள்
இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் கர்ப்பகாலச் சிக்கல்களுக்கு இரத்தச்சோகையும் சாப்பாடும்தான் காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, அதுவும் உண்மைதான், ஆனால் மலையில், அதாவது கொழுந்தெடுக்கும் தேயிலைக் காட்டில், செய்யும் வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. மருந்தடித்த மலையில் அடுத்த நாளே கொழுந்தெடுக்க விடுகிறார்கள், இடுப்பில் கட்டிய படங்குத் துணி நனைந்து வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும், கைகழுவத் தண்ணீர் இல்லாமல் அதோடேயே பகல் சோறும் தின்ன வேண்டும். 2015இல் தடைசெய்த கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். அப்புறம் மலையில் கக்கூஸ் கிடையாது, அதனால் தண்ணீர் குடிக்காமலே இருந்து சிறுநீர்த் தொற்று வருகிறது, கர்ப்பத்தில் அதைக் கவனிக்காமல் விட்டால் குறைமாதப் பிரசவம்வரை போகும். மாசமான பெண்களுக்குச் சம்பளம் குறையாமல் இலேசான வேலை கொடுக்கச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும், நாள் சம்பளத்தோடு சேர்த்து இதையும்.