குழந்தைக்கு டைம்டேபிள் ஒட்டும் முன் ஹால் லைட்டை அணையுங்கள்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் போதும், அம்மாக்கள் இருக்கிற எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓர் அட்டவணை சுற்ற ஆரம்பித்துவிடும். காலை 6 மணிக்கு எழுவது, 6.10 பல் துலக்குவது, 6.30 யோகா (நாலு வயசுப் பிள்ளைக்கு!), மாலையில் படம் வரைவது, இரவு 8.30 தூக்கம். நாலு கலரில், மூலையில் சூரியனும் நிலாவும் சிரிக்கிற படத்தோடு இருக்கும். பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டுவார்கள். ஆடி பிறக்கும்போது அதன் மேலேயே கேஸ் புக்கிங் நம்பர் ஒட்டப்பட்டிருக்கும்.

அட்டவணை போடுவது தப்பு என்று சொல்லவில்லை. அது யாருக்குப் போடப்படுகிறது என்பதில்தான் எனக்குச் சண்டை. அந்தத் தாளில் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கிறது. எட்டு மணிக்கு ஹாலில் டிவியை யார் அணைப்பது, ஒன்பது மணிக்கு வீட்டுக்குள் நுழைகிற அப்பா என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மணி பார்க்கத் தெரியாத ஜீவனுக்கு நிமிடக் கணக்கில் சட்டம், மணி பார்க்கத் தெரிந்த நாம் எல்லாரும் இஷ்டம்போல.

நான் அதிகம் பார்க்கிற வீடுகளில் நடப்பது இதுதான். குழந்தைக்கு எட்டு மணிக்கே கண் சொருகும். டிவி ஓடிக்கொண்டிருக்கும். ஒன்பது மணிக்கு வாசலில் பைக் சத்தம் கேட்டதும் பிள்ளை துள்ளி எழுந்துவிடும், அப்பா பாவம், நாள் முழுக்கப் பார்க்காத பிள்ளையைத் தூக்கிப் போட்டு விளையாடுவார், போனில் ரெண்டு வீடியோ காட்டுவார், அப்புறம் பத்து மணிக்கு எல்லாருக்கும் தோசை, பதினொரு மணிக்குத் தூக்கம். காலை ஆறரைக்கு அதே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கண் திறக்காத வாயில் பிரஷ்ஷை விடுகிறாள் அம்மா. அது அழும். ‘உன் பிள்ளைக்கு ஒரு டைம் சென்ஸே இல்ல’ என்று அவளுக்குத்தான் பேச்சு விழும்.

ஏழரை மணி நேரம் தூங்குகிறதே, போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில் 1, 2 வயதுக்கு 11 முதல் 14 மணி நேரம், 3, 4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் சொல்லியிருக்கிறார்கள். இது பகல் தூக்கத்தையும் சேர்த்து. மதியம் தூங்க விடாத ஸ்கூலுக்கு அனுப்பினால் அந்தப் பத்து மணி நேரமும் ராத்திரியில்தான் கிடைத்தாக வேண்டும். ஆறரைக்கு எழுப்பணும் என்றால் எட்டரைக்குள் தூங்கியிருக்க வேண்டும். படுப்பது அல்ல, தூங்குவது. அப்படியென்றால் எட்டு மணிக்கே படுக்கை.

எட்டு மணியா என்று சிரிப்பு வரும், தெரியும். இந்தியா உட்பட 17 நாடுகளில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள் என்று 2010-ல் ஓர் ஆய்வு வந்தது. சராசரியாக நியூசிலாந்துப் பிள்ளைகள் ஏழரைக்குத் தூங்குகிறார்கள், ஹாங்காங்கில் பத்தேகால் ஆகிவிடுகிறது, பொதுவாகவே ஆசியக் குழந்தைகள் லேட்டாகத் தூங்கிக் குறைவாகத் தூங்குகிறார்கள். ஆக இது நம் வீட்டில் மட்டும் இருக்கிற வியாதி இல்லை. ஆனால் அந்த சமாதானத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால் காலை ஏழேகாலுக்கு வருகிற வேன் எட்டேகாலுக்கு வந்துவிடப் போகிறதா?

பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள்: ‘தூக்கம் வந்தா தானா தூங்கும், நாங்கெல்லாம் மணி பார்த்தா வளர்த்தோம்?’ பார்க்கவில்லை, உண்மைதான். பார்க்கத் தேவை இருக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிள்ளைகள் கை கால் கழுவி உள்ளே வந்தாக வேண்டும், இருட்டியதும் சோறு, எட்டரைக்குத் தெருவே அடங்கிவிடும். பெரியவர்களும் படுத்துவிடுவார்கள். குழந்தைக்கென்று தனியாக ஒரு ஒழுங்கு போட வேண்டிய அவசியமே வரவில்லை. இப்போது சூரியன் போன பிறகும் நாலு மணி நேரத்துக்கு ஹாலில் பளீரென்று எல்இடி ட்யூப்லைட் எரிகிறது, எதிரே பெரிய டிவி. தூக்கம் தானாக வருமென்றால் எந்த வழியாக வரும்?

வெளிச்ச விஷயத்தை நம் ஆட்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் விளையாட விட்டால், தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்கிற மெலடோனின் ஹார்மோன் சுமார் 88 சதவீதம் குறைந்துபோகிறது, வெளிச்சத்தை அணைத்து 50 நிமிடம் ஆகியும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பழைய நிலைக்கு வரவில்லை. பத்துக் குழந்தைகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், வெளிச்சமும் நம் ஹாலைவிட அதிகம். ஆனால் 2022-ல் அதே குழு இன்னும் அதிகம் பிள்ளைகளை வைத்து, மங்கலான வெளிச்சத்திலும் சோதித்தது. அப்போதும் நன்றாகவே குறைந்தது. ‘லைட்டை ஆஃப் பண்ணியும் இது ஆட்டம் போடுது’ என்று பிள்ளை முதுகில் ஒன்று வைப்பதற்கு முன் இதை ஒரு தரம் நினைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் ஏழு மணிக்குக் குழந்தைகளுக்குச் சாப்பாடு. அப்பா வரட்டும் என்று காத்திருப்பதெல்லாம் கிடையாது. ஏழரைக்கு ஹால் ட்யூப்லைட் அணைந்துவிடும், சமையலறை லைட்டும் மூலையில் ஒரு மஞ்சள் பல்பும் மட்டும்தான். ‘வெளக்கு வெச்ச வீட்டை இருட்டாக்கி வெச்சிருக்கா’ என்று அத்தை ரொம்ப நாள் முனகிக்கொண்டிருந்தார். மாமா நியூஸ் விவாதத்தைப் போனில், காதில் மாட்டிக்கொண்டு பார்க்கிறார். அதில் அவருக்கு வருத்தம்தான், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த விவாதத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவதை நாலு வயசுப் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்பது என் கட்சி.

அப்புறம், மணியைவிட வரிசைதான் முக்கியம். எதற்குப் பிறகு எது என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும். சந்தேகம் இருந்தால் பக்கத்து அங்கன்வாடிக்கு மத்தியானம் போய்ப் பாருங்கள். சோறு, கை கழுவல், பாய், தூக்கம். ஒரு டீச்சரும் ஓர் ஆயாவும் அத்தனை பிள்ளைகளைப் படுக்க வைத்துவிடுகிறார்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்கு நாலு பெரியவர்கள் மல்லுக்கட்டுகிறோம். அவர்களிடம் மந்திரம் எதுவும் இல்லை. பாயை விரித்தால் அடுத்தது என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும், நடுவில் யாரும் வந்து போன் காட்ட மாட்டார்கள். நம் ராத்திரி வரிசையும் அவ்வளவுதான் இருக்க வேண்டும்: சாப்பாடு, வெந்நீரில் குளியல், பால், பல் துலக்கல், ஒரு கதை, இருட்டு. பால் முதலில், பல் பிறகு. பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்க விட்டுத்தான் முன்பல் எல்லாம் கறுத்துச் சொத்தையாகிறது. (பேஸ்ட் மூணு வயசு வரை அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் பிதுக்குவதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.)

காலைக்கு வருகிறேன். யாரும் வெளியே பேசாத ஒரு விஷயம்: மலச்சிக்கல். சாப்பிட்டதும் குடல் அசைந்து கொடுக்கும், அது உடம்பின் இயல்பு. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஐந்து, பத்து நிமிடம் டாய்லெட்டில் நிதானமாக உட்கார்ந்தால்தான் பிள்ளைக்குப் போகும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்காமல் ஊன்றிக்கொள்ள ஒரு குட்டி ஸ்டூல் வேண்டும். கடைசி நிமிடத்தில் எழுப்பி, ரெண்டு வாய் இட்லியைத் திணித்து, ‘வேன் வந்துடும், சீக்கிரம்’ என்று விரட்டினால் எப்படிப் போகும்? ஸ்கூலில் போகக் கூச்சம், அடக்கும். அடக்க அடக்க இறுகும், வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். அப்புறம் பசிக்காது. பசிக்காத பிள்ளைக்கு ஊட்ட போன் வேண்டும். ‘சாப்பிடவே மாட்டேங்குது’ என்று டாக்டரிடம் டானிக் கேட்கிற அம்மாக்கள் பல பேருக்கு, பிள்ளை எப்போது கடைசியாக வெளியே போனது என்று கேட்டால் தெரியாது. இருபது நிமிடம் முன்னால் எழுந்தால் இதில் பாதி சரியாகும். அதற்கு முந்தைய ராத்திரி சீக்கிரம் தூங்கியிருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அந்த ட்யூப்லைட்டுக்குத்தான் வந்து நிற்கிறேன்.

இதில் அப்பாக்கள் கோபித்துக்கொள்வார்கள். பிள்ளையைப் பார்க்கவே கூடாதா என்று. பாருங்கள், காலையில் பாருங்கள். எழுப்புவது, டாய்லெட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுவது, குளிப்பாட்டுவது, வேன் ஏற்றுவது, இது முழுக்க உங்களுடையதாக இருக்கட்டும். ஒரு மணி நேரம் முழுசாகக் கிடைக்கும். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குத் தூக்கிப் போட்டு விளையாடுகிற அப்பாவாக இருப்பது சுலபம், காலை ஆறரை மணி அப்பாவாக இருப்பதில் வேலை இருக்கிறது. அதனால்தான் இந்த யோசனைக்கு வீட்டில் ஆதரவு குறைவு.

நான் சொல்வதெல்லாம் எல்லா வீட்டிலும் நடக்காது என்பதும் தெரியும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு அப்பா அம்மா ரெண்டு பேருமே ஒன்பது மணிக்கு வருகிற வீடு உண்டு, ஒரே ரூமில் ஐந்து பேர் படுக்கிற வீடு உண்டு. அவர்களிடம் போய் எட்டு மணி, மஞ்சள் பல்பு என்று பேச எனக்கு வாய் வராது. அந்தப் பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்கிற பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ மாலையிலேயே சோறு ஊட்டிவிட்டால், அம்மா வந்த பிறகு மிச்சமிருப்பது பல் துலக்குவதும் படுப்பதும்தான். அந்தக் கடைசி அரைமணியில் டிவி வேண்டாம், போன் வேண்டாம். அம்மா பக்கத்தில் படுத்து அன்றைக்குக் கம்பெனியில் நடந்ததைச் சொன்னால் கூடப் போதும், கதைப் புத்தகம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.