போனிலேயே ஹியரிங் எய்டை முழுசாகச் சரிபார்க்க முடியாது

"ஆன்லைனிலேயே செக் பண்ணிடலாம், இனி கிளினிக் பக்கமே போக வேண்டாம்" என்று ஹியரிங் எய்டைப் பற்றி ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அதில் பாதிதான் சரி.

செங்கோட்டையில் இருக்கும் எங்களுக்கு, ஆரியங்காவு மலை ஏறி இறங்கி அம்மாவைக் கேரளப் பக்கம் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது எவ்வளவு சிரமம் என்று தெரியும். அதனால் ஆன்லைன் வசதியை மனசாரப் பாராட்டுகிறேன். கருவியைப் புளூடூத்தில் போனோடு இணைத்தால் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) தன் இடத்திலிருந்தே சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறார்கள் என்றுகூடப் பல கருவிகளில் பார்க்கலாம்.

ஆனால் செவிப்பறைக்குப் பக்கத்தில் சத்தம் எவ்வளவு சேருகிறது என்பதை அளக்க, மெல்லிய சிலிக்கோன் குழாய் ஒன்றைக் காதுக்குள் விட வேண்டும். 'ரியல் இயர்' அளவீடு என்பார்கள். கருவியைத் தனியாகச் சோதிக்க 2 சிசி கப்ளர் (காதுக்குப் பதிலாகக் கருவியை மாட்டி அளக்கும் சின்னக் குழி) உள்ள டெஸ்ட் பாக்ஸ், அதாவது சோதனைப் பெட்டி வேண்டும். இரண்டும் வீட்டில் இருக்காது.

போன வருஷம் அம்மாவுக்கு வலது காது மந்தமானபோது, வீடியோ காலில் இரண்டு தடவை சத்தத்தைக் கூட்டினார்கள். பலனில்லை. நேரில் போனபோது ரிசீவர் (காதுக்குள் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர்) நுனியில் கடுகளவு குறும்பி அடைத்திருந்தது! வேக்ஸ் கார்டை (குறும்பி உள்ளே போகாமல் தடுக்கும் சின்ன வடிகட்டி) மாற்றியதும் கேட்டுவிட்டது. கூட்டிய சத்தத்தைத் திரும்பக் குறைக்க வேண்டியதாயிற்று.

தினமும் வீட்டில் செய்யக்கூடியது 'லிங்' சோதனை, அதாவது ஆறு ஒலிகளைச் சொல்லி எது கேட்கிறது என்று பார்ப்பது. வாயை மறைத்துக்கொண்டு ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று சொல்லுங்கள், அவர்கள் திருப்பிச் சொல்லட்டும். நேற்று கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லையென்றால், போனில் உள்ள ஆப்பைத் (app) தொடாமல் முதலில் கருவியின் நுனியைப் பாருங்கள்.