செங்கல்லை இழுக்காமல் நிலநடுக்கம் நடத்தாதீர்கள்

பல வருஷம் நானும் எல்லாரையும் போலத்தான் ஏழாம் வகுப்புக்கு நிலநடுக்கம் நடத்தினேன். புவித்தட்டு, பிளவு, மையம், ரிக்டர் அளவுகோல், கோடிட்ட இடத்தை நிரப்புக. பிள்ளைகள் எழுதினார்கள், மார்க் வாங்கினார்கள். ஒருநாள் மதியம், கடைசிப் பீரியடில் நேரம் மிச்சமிருந்தது. "பிளவுன்னா எப்படி இருக்கும்னு வரைங்க பாக்கலாம்" என்றேன். ஏறக்குறைய எல்லா நோட்டிலும் தரை வாயைப் பிளந்து ஒரு பஸ்ஸை விழுங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தன் அந்தப் பஸ்ஸுக்கு ரூட் நம்பர்கூடப் போட்டிருந்தான்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. விறகைப் பிளந்தால் நடுவில் இடைவெளி வருகிறது, பாதம் பிளந்தாலும் இடைவெளி வருகிறது. நிலத்தில் பிளவு என்றால் வேறு எதை நினைப்பார்கள்? ஆனால் பாறைக்குள் இருக்கும் பிளவில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டுதான் கிடக்கின்றன. அங்கே நடப்பது திறப்பது இல்லை, நழுவுவது. 'பிளவுப் பெயர்ச்சி' என்று முழுதாகச் சொன்னால் இரண்டாவது சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. வகுப்பில் நாம் அதைத்தான் முதலில் விழுங்கிவிடுகிறோம்.

அப்புறம்தான் செங்கல் வந்தது. இது என் கண்டுபிடிப்பு இல்லை, பல நாட்டு ஆசிரியர்கள் செய்து காட்டுவதுதான். ஒரு பலகையில் உப்புத்தாள் ஒட்டி, அதன் மேல் செங்கல்லை வைத்து, செங்கல்லின் அடியிலும் உப்புத்தாளை ஒட்டிவிட வேண்டும். செங்கல்லைச் சுற்றிக் கயிறு, கயிற்றின் நுனியில் தையல் கடை எலாஸ்டிக். பக்கத்தில் ஒரு ஸ்கேல். எலாஸ்டிக்கை மெதுவாக, ஒரே வேகத்தில் இழுக்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மொத்தச் செலவு ஒரு டீ, வடை.

இழுக்க இழுக்கச் செங்கல் அசையாது. எலாஸ்டிக் நீளும், இன்னும் நீளும். சுற்றி நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். திடீரென்று 'சர்ர்க்' என்று ஒரு பாய்ச்சல். செங்கல் மேல் நிற்க வைத்த தீப்பெட்டி குப்புற விழும். வகுப்பே கத்தும். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்ப்பார்.

இதில் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டியது பாய்ச்சலை அல்ல, அதற்கு முன்னால் இருந்த அசையாமையை என்பது என் கட்சி. ஒன்றும் நடக்காத அந்த நேரத்தில்தான் எலாஸ்டிக்கில் எல்லாம் சேர்கிறது. 1906இல் சான் பிரான்சிஸ்கோ குலுங்கிய பிறகு ஹாரி ஃபீல்டிங் ரீட் என்ற அறிவியலாளர் அந்தப் பகுதியின் பழைய, புதிய நில அளவைகளை ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னதும் இதைத்தான்: பாறை பல வருஷம் மெல்ல வளைகிறது, தாங்காதபோது நழுவித் துள்ளி நிமிர்கிறது. அந்த நிலநடுக்கத்தில் நகரத்துக்கு வடக்கே ஒரு பண்ணை வேலி அறுந்து, ஒரு பாதி மறு பாதியிலிருந்து பக்கவாட்டில் எட்டு அடிக்கு மேல் நகர்ந்து நின்றது. இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சில் ஒருத்தன் எழுந்தான். "ஏனுங் டீச்சர், அப்ப அந்த எட்டடிக் காடு இப்ப யாருக்குங்க?"

எங்கள் பக்கம் கிளுவை வேலி ஒரு முழம் நகர்ந்தாலே வாய்தா கோர்ட்டு வரை போகும். இவனுக்கு வேலி புரிந்துவிட்டது, பிளவும் புரிந்துவிட்டது.

அன்று வந்த கேள்விகளில் இன்னொன்றும் முக்கியம். ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "இழுக்கற கை யாருதுங்க டீச்சர்?" நம் நாட்டைச் சுமக்கும் பெரிய பாறைப் பலகையான இந்தியத் தட்டு வருஷத்துக்குச் சுமார் 5 செ.மீ. வடக்கே நகர்கிறது, நகம் வளர்கிற வேகம், அந்த நகர்வுதான் கை என்றேன். "அப்ப இமயமலைகிட்டதான வரோணும், லாத்தூர்ல எப்படிங்க வந்துச்சு?" என்றாள். மகாராஷ்டிராவின் லாத்தூரில் 1993இல் வந்ததைச் சொல்கிறாள். நியாயமான கேள்வி. தட்டின் ஓரத்தில் இடிபடும் அழுத்தம் ஓரத்தோடு நிற்பதில்லை, உள்ளே தக்காணப் பாறைக்குள்ளும் பரவுகிறது. அங்கே பழைய பிளவுகள் கிடக்கின்றன. எப்போதாவது ஒன்று நழுவும். 8 பிப்ரவரி 1900 அன்று எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கமே அளவு 6ஐ ஒட்டிய நிலநடுக்கம் ஒன்று வந்து தென்னிந்தியாவில் வெகுதூரம் வரை உணரப்பட்டிருக்கிறது. 'நம்ம ஊர்ல எல்லாம் வராது' என்று பிள்ளைகளிடம் சொல்லும் ஆசிரியர்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அடிக்கடி வராது என்பது சரி. வராது என்பது பொய்.

அடுத்து இரண்டு எண்களைப் போர்டில் எழுதுவேன். 30 செப்டம்பர் 1993, லாத்தூர் மாவட்டம் கில்லாரி, 6.2. 26 ஜனவரி 2001, குஜராத்தின் புஜ் பகுதி, 7.7. அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். அப்படிப் பார்த்தால் புஜ், கில்லாரியைவிட நூறு மடங்குக்கும் மேல். ஆனால் உயிரிழப்பு? கில்லாரியில் பத்தாயிரத்தை ஒட்டி, புஜ்ஜில் இருபதாயிரத்தை ஒட்டி. இது ஏன் என்று அவர்களையே யோசிக்க விடுவேன். கில்லாரியில் நேரம் விடியற்காலை நாலு மணிக்குச் சற்று முன், எல்லாரும் தூக்கத்தில். வீடுகள் மண் குழைத்துக் கட்டிய தடித்த கருங்கல் சுவர்கள், மேலே கனமான கூரை. புஜ் நிலநடுக்கம் குடியரசு தினக் காலையில் வந்தது. அந்தப் பகுதியின் அஞ்சார் ஊரில் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் குறுகிய தெருவில் இருபக்கக் கட்டடங்களும் சரிந்து அடியில் போனார்கள். இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். பயமுறுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பன்னிரண்டு வயதில் தாங்குவார்கள். கூடவே மேசைக்கு அடியில் எப்படிப் பதுங்குவது, ஆட்டம் நிற்கும் வரை அதன் காலை எப்படி இறுக்கிப் பிடிப்பது என்று செய்து காட்டிவிட வேண்டும், அதுதான் முக்கியம். எங்கள் பெஞ்சுகளுக்கு அடியில் எட்டாம் வகுப்புப் பையன்கள் நுழைவதே ஒரு கூத்து. இருந்தாலும் தலையையும் கழுத்தையும் மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

போர்ஷன் முடியாது என்பார்கள். தெரியும், எனக்கும் அதே காலாண்டுத் தேர்வுதான். பிளவின் வகைகள், அலைகளின் பெயர்கள் எல்லாம் அரை மணி நேரத்தில் எழுதிப் போட்டுவிடலாம், பிள்ளைகளும் படித்துவிடுவார்கள். செங்கல்லுக்கு ஒரு பீரியடும் கொஞ்சம் இரைச்சலும்தான் ஆகும். செங்கல் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் உண்மை. 2004 டிசம்பரில் சுமத்ராவுக்குப் பக்கத்தில் நழுவிய பிளவு 1,200 கி.மீ.க்கும் மேல் நீளம். அது ஒரே நொடியில் நழுவவில்லை, ஜிப் பிரிவதைப் போல ஒரு முனையிலிருந்து ஓடிப் பிரிய எட்டுப் பத்து நிமிஷம் ஆனது. அதை ஒற்றைச் செங்கல்லில் காட்ட வழியில்லை.

ஆனால் செங்கல் ஒன்றைச் சரியாகக் காட்டும். ஒவ்வொரு பாய்ச்சலையும் ஸ்கேலில் அளந்து எழுதச் சொல்வேன். போன முறை வந்த வரிசை: 4 செ.மீ., 1, 2, 7, அரை, 3. கையும் அதேதான், வேகமும் அதேதான், கல்லும் அதேதான். அடுத்த பாய்ச்சல் எப்போது, எவ்வளவு என்று பந்தயம் கட்டியவர்கள் எல்லாருமே தோற்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து, 'இன்று இரவு பெரிய நிலநடுக்கம், வீட்டுக்குள் தூங்காதீர்கள்' என்று ஒரு குரல் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. எங்கள் தெரு குரூப்பிலும் வந்தது. மறுநாள் அந்த எட்டடிக் காட்டுக்காரன் என்னிடம் வந்து சொன்னான்: "எங்கம்மா பாயைத் தூக்கிட்டு வாசலுக்குப் போயிட்டாங்க டீச்சர். நான் நோட்டைக் காட்டுனேன். 7க்கு அப்புறம் அரை வந்துச்சுல்ல, அது யாருக்காச்சும் முன்னாடியே தெரிஞ்சுதான்னு கேட்டேன்." அம்மா என்ன சொன்னார்கள் என்றேன். "கொசு கடிக்குதுன்னு உள்ள வந்துட்டாங்க."

செங்கல் இப்போதும் ஸ்டாஃப் ரூம் பீரோ மேலேதான் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன். உப்புத்தாள்தான் வழவழவென்று தேய்ந்துபோச்சு. அடுத்த வாரம் ஏழாவது 'பி' பிரிவுக்கு முன்னால் புதிதாக ரெண்டு வாங்கி ஒட்ட வேண்டும்.