பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டே எத்தனை ஊர் நடப்பது?

கொல்கத்தாவில் போகவில்லை. கான்பூரில் போகவில்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னை ரங்கநாதன் தெருவில் மூச்சு விட இடமில்லாமல் நடந்தேனே, அங்கேகூடப் போகவில்லை. சொந்த ஊர் வேலூரில், பட்டப்பகல் பதினோரு மணிக்கு, வீட்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் தூரத்தில் என் பர்ஸ் போய்விட்டது.

போனதுகூடப் பரவாயில்லை. அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிற ஒரே கேள்விதான் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. “பின் பாக்கெட்லயா வெச்சிருந்த?” இல்லை, முன் பாக்கெட். “அப்போ மேல கை வெச்சிருக்க மாட்ட.” ஒரு கையில் பை, ஒரு கையில் பஸ் கம்பி, மூன்றாவது கைக்கு நான் எங்கே போவேன்? எதிர்வீட்டு அண்ணன் ஒருபடி மேலே போய், “நீ எப்பவும் பராக்கு பாத்துக்கினே நடப்பபா, அதான்” என்று தீர்ப்பே எழுதிவிட்டார். ஆமாம், பராக்குப் பார்த்துக்கொண்டுதான் நடப்பேன். ஊரைச் சுற்றி நடப்பது வேறு எதுக்காம்?

எனக்குத் தோல் கம்பெனியில் வேலை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பக்கம் பாதிப் பேருக்குத் தோல்தான் சோறு போடுகிறது. வேலை விஷயமாகச் சென்னை பெரியமேட்டுக்கும் கான்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் பதினைந்து வருஷமாகப் போய் வருகிறேன். கூட வருகிறவர்கள் வேலை முடிந்ததும் லாட்ஜில் டிவியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆட்டோவில் போனால் ஊர் தெரியாது, மீட்டர்தான் தெரியும். பல ஊரில் அதுவும் தெரியாது.

முதல் முறை கொல்கத்தா படாபஜாருக்குள் நுழைந்தபோது உள்ளூர் ஏஜெண்ட் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி ஏதோ சொன்னார். அதில் ‘பாக்கெட்மார்’ என்ற ஒரு வார்த்தைதான் எனக்குப் புரிந்தது. அது போதுமே. அன்றிலிருந்து எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். பெரிய நோட்டெல்லாம் பனியனுக்குள். கார்டு தனி. டீ, பஸ் செலவுக்கான சில்லறை மட்டும் சட்டைப் பாக்கெட்டில், தெருவில் நின்று பர்ஸைத் திறக்கவே கூடாது என்பதற்காக. பத்து ரூபாய் பேனா வாங்கப் போய் ஐந்நூறு ரூபாய்க் கட்டைத் திறந்து காட்டுகிறவன், திருடனுக்குச் சரக்கு இருக்கிற இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறான். அப்புறம் அந்த ‘பிக்பாக்கெட் ஜாக்கிரதை’ போர்டு. அதைப் படித்ததும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தன்னையறியாமல் பர்ஸ் இருக்கும் இடத்தைத் தடவிப் பார்ப்பார்கள். போர்டுக்கு எதிரே நிற்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? அதனால் போர்டைப் பார்த்தால் நான் கையைக் கட்டிக்கொள்வேன்.

இதெல்லாம் பலிக்காமல் இல்லை. பதினைந்து வருஷத்தில் வெளியூரில் ஒரு ரூபாய் போனதில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலையை யாரிடம் கேட்பது? படாபஜாரில் பழைய பழைய கட்டிடங்கள் தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன, இரும்புக் கம்பியில் பூ வேலை செய்த பால்கனிகளோடு. நான் அதையெல்லாம் படத்தில்தான் பார்த்தேன். நேரில் எனக்கு நன்றாகத் தெரிந்தது முன்னால் போகிறவர்களின் கைகள் மட்டும்தான். எவன் கை சும்மா தொங்குகிறது, எவன் கை சால்வைக்குள் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவதற்குப் பெயர் ஊர் சுற்றுவதா, காவல் டியூட்டியா?

அதே ஊரில் விடியற்காலை டிரெட்டா பஜாருக்குப் போயிருக்கிறேன். சீன வம்சாவளிக்காரர்கள் மோமோவும் சூப்பும் வைத்து விற்பார்கள். கூட்டம் சேர்வதற்கு முன், இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தேன். ஹவுரா பாலத்திலும் நடந்திருக்கிறேன். 1943-ல் திறந்த பாலம், இரண்டு பக்கமும் 15 அடி நடைபாதை. அங்கே கூட்டத்துக்கா பஞ்சம்? திருவிழா மாதிரி ஜனம். ஆனால் எல்லாரும் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். பாக்கெட் மேல் வைத்த கை அங்கே தானாகத் தளர்ந்துவிட்டது. சென்னையில் பாண்டி பஜாரை 2019-ல் அகல நடைபாதை போட்டு மாற்றினார்களே, அங்கேயும் அப்படித்தான். கடை கண்ணியைப் பார்த்துக்கொண்டே போகலாம். அங்கிருந்து பத்து நிமிஷம் நடந்து ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தால் கை மறுபடியும் பாக்கெட்டுக்கு ஓடிவிடுகிறது. பிக்பாக்கெட் அடிக்கிறவனுக்குக் கூட்டம் மட்டும் போதாது, நெரிசல் வேண்டும். நாலு பேர் அசைய முடியாமல் நிற்கிற அரை நிமிஷம் வேண்டும். அந்த அரை நிமிஷத்தை அவன் உண்டாக்குவதில்லை. ஊர்தான் அவனுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கிறது.

சரி, வேலூருக்கு வருவோம். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று இந்த ஊரைக் கிண்டலாகச் சொல்வார்கள். கோயிலுக்குச் சாமி 1981-லேயே திரும்பி வந்துவிட்டது. ஜலகண்டேஸ்வரர் சௌக்கியமாக இருக்கிறார். அந்தக் காலி இடத்தில் ‘நடைபாதை இல்லாத ரோடு’ என்று சேர்த்துக்கொள்ளலாம். ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் 2016-லேயே இடம் பிடித்த ஊர் இது! லாங்கு பஜாரிலோ மண்டித் தெருவிலோ காலையில் பத்து மணிக்கு மேல் நேராகப் பத்தடி நடந்து காட்டுங்கள், பார்ப்போம். கடைக்காரர் படியை வெளியே இழுத்துப் போட்டிருப்பார். படிக்கு முன்னால் சுடிதார் போட்ட பொம்மை. பொம்மைக்கு முன்னால் பைக். பைக்குக்கும் எதிரே வருகிற ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் ஒரு முழம் சந்து. அந்தச் சந்துக்குள் நாமும் போக வேண்டும், எதிரே வருகிறவரும் வர வேண்டும், பிளேடு வைத்திருக்கிறவனும் வருவான். தரையில் கூடை வைத்துப் பூ விற்கிற அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு விற்க இடம் ஒதுக்கித் தர வேண்டும் என்று 2014-லேயே சட்டம் வந்துவிட்டது. நடக்கிறவனுக்கு நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவில் வரும் உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உரிமையெல்லாம் இருக்கிறது. காலை வைக்கத்தான் இடமில்லை.

இதில் என்னைத் தலைகுனிய வைப்பது வேறு ஒன்று. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நம்பி வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் தினம் எத்தனை பேர் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். அந்தப் பக்கத்துத் தெருக்களில் போர்டெல்லாம் வங்காளியிலும் இந்தியிலும்தான். போன மாதம் டீக்கடையில் என் பக்கத்தில் ஒரு வங்காளிப் பெரியவர் நின்றார். சட்டைப் பாக்கெட்டின் வாயில் ரெண்டு ஊக்கு. மேலே துண்டு. துண்டின் மேலே உள்ளங்கை. டீ கிளாஸை இடது கையில் வாங்கினார். சூடு தாங்காமல் விரலை மாற்றி மாற்றிப் பிடித்தாரே தவிர, வலது கையை எடுக்கவே இல்லை. வைத்தியத்துக்கு நிலத்தை விற்ற காசோ, மாட்டை விற்ற காசோ. அவர் ஊரில் நான் எப்படி நிற்பேனோ, அப்படியே என் ஊரில் அவர் நிற்கிறார். எனக்கு டீ இறங்கவில்லை.

இப்போது என் கதை. காட்பாடி பஸ் பிடிக்க நிற்கிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது, பேண்ட் வியர்வையில் தொடையோடு ஒட்டிக் கிடக்கிறது. வந்த டவுன் பஸ் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் முப்பதடி தள்ளிப் போய் நின்றது. முப்பது பேர் ஓடினோம். ஒரே ஒரு படி. எனக்கு முன்னால் ஏறியவன் படியிலேயே நின்று செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தான். “ஏறுய்யா, இன்னாத்துக்கு வழியில நிக்கற?” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்திக்கொண்டே என்னைத் தள்ளினான். கத்தினானே, எனக்காகத்தான் பேசுகிறான் என்று நினைத்தேன்! அவனைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரிக்க வேறு செய்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போதும் ரத்தம் கொதிக்கிறது.

அடுத்த ஸ்டாப் தாண்டியதும் கண்டக்டர் வந்தார். டிக்கெட்டுக்குப் பாக்கெட்டில் கையை விட்டேன். விரல் தொடையில் பட்டது. பாக்கெட்டுக்கு அடியே இல்லை. கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். “இப்பதாண்ணா ரெண்டு பேரு எறங்கினானுங்க” என்றார். கொஞ்சம் பொறுத்து, “டிக்கெட்டு?” என்றார். பின் சீட்டு அம்மா ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

தெருமுனை டெய்லர் அந்தக் கிழிசலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “நூலு பிரியலண்ணா, சுத்தமான பிளேடு வெட்டு” என்றார். எனக்கும் தெரியாதா? நாலு அங்குலம், ஒரே இழுப்பு, கோணல் இல்லை, உள்ளே தோலில் ஒரு கீறல்கூட இல்லை. எங்கள் கம்பெனி கட்டிங் செக்‌ஷனுக்கு இப்படி ஒரு கை கிடைத்தால் விடவே மாட்டோம். அந்தப் பாவி போய்ச் சேர்ந்த இடம் டவுன் பஸ் படிக்கட்டு.

அடுத்து போலீஸ் ஸ்டேஷன். “எவ்ளோ இருந்துச்சு?” 1,840 ரூபாய். அதைச் சொன்னதுமே அங்கே ஆர்வம் வடிந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டப்படி, போனது 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, ஆள் முதல் தடவை மாட்டியவனாக இருந்து, பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை. நீதிமன்ற உத்தரவில்லாமல் போலீசார் தாமாக விசாரிக்க முடியாத வகையில் அது சேர்கிறது. அதே சட்டத்தின் 112-வது பிரிவோ, கும்பலாகச் சேர்ந்து பிக்பாக்கெட் அடித்தால் ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை என்கிறது. “படியில நின்னவன் ஒருத்தன், தள்ளினவன் ஒருத்தன், இது கும்பல் இல்லையா சார்?” என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “லைசென்ஸ் டூப்ளிகேட் வாங்கணும் இல்ல? பர்ஸ் தொலைஞ்சிடுச்சுன்னு எழுதிக் குடுங்க, சீக்கிரம் முடியும்.”

தொலைந்துவிட்டதாம்! பாக்கெட்டில் நாலு அங்குல ஓட்டையோடு நிற்கிறேன், தொலைந்துவிட்டது என்று நானே என் கையால் எழுத வேண்டுமாம். எழுதிவிட்டால் திருடன் இல்லை, கும்பல் இல்லை, தள்ளிப் போய் நின்ற பஸ் இல்லை, ஒரு முழச் சந்து இல்லை. கவனமில்லாத ஒரு மடையன் மட்டும்தான் பாக்கி. எதிர்வீட்டு அண்ணன் சொன்னதும் அதேதான், அவர் வாயால் சொன்னார், இவர் பேப்பரில் கேட்கிறார். எழுதினேனா என்று கேட்காதீர்கள். எழுதினேன். லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்ட முடியாது.

வீட்டுக்கு வந்து கார்டை பிளாக் பண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் அம்மா கேட்டாள், “அந்த முடிச்சு?” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வள்ளிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்த 21 ரூபாய். ஆடிக் கிருத்திகைக்குப் போகும்போது உண்டியலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தாள். பர்ஸின் உள் மடிப்பில்தான் இருந்தது. பாக்கெட் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், வேட்டித் தலைப்பில் காசை முடிந்து வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனவர்களிடம் கைவரிசை காட்டியவனுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் முடிச்சவிழ்க்கி. இவன் அந்தப் பெயருக்கு அட்சரம் பிசகாமல் வேலை பார்த்திருக்கிறான்.

“அடப்பாவி, சாமி காசுடா அது. அவுத்தவன் உண்டியல்ல போட்டுடுவானா?” என்றாள். போடுவான் போடுவான் என்றேன்.

மறுநாள் காலையில் வேறொரு மஞ்சள் துணி கிழித்து, இன்னொரு 21 ரூபாயை எண்ணி முடிந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் அதைத் தன் சுருக்குப்பையில் போட்டு, கயிற்றை இழுத்து, இடுப்பில் சொருகிக்கொண்டாள். எழுபத்திரண்டு வயதில் வள்ளிமலைப் படியை அவளே ஏறிக்கொள்வாளாம்.

“உங்கிட்ட குடுத்தா நீ தொலைச்சிடுவ.”