விக்ரமாதித்யா சண்டையில் விடுபட்டுப்போன தளம்

ரஷ்யாவிடம் நாம் வாங்கிய விமானந்தாங்கிக் கப்பல் விக்ரமாதித்யாவைப் பற்றிப் பேச்சு எங்கே எழுந்தாலும் இரண்டு கோஷ்டி ஆஜராகிவிடும். "ஓட்டைக் கப்பலை நம் தலையில் கட்டிவிட்டார்கள்" என்பது ஒன்று. "ரஷ்யாவை விட்டால் வேறு யார் நமக்கு விமானந்தாங்கிக் கப்பல் கொடுத்தார்கள்?" என்பது இன்னொன்று. (பிரிட்டன் கொடுத்ததுதான், பழைய விக்ராந்தும் விராட்டும். சண்டை வேகத்தில் அதெல்லாம் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.) இரண்டு கோஷ்டியும் கப்பலைப் பற்றியே பேசுகின்றன. அதைப் பிரித்து மாட்டிய கப்பல் கட்டும் தளத்தைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. என்னைக் கேட்டால் விவகாரமே அங்கேதான் இருக்கிறது.

தளத்தின் பெயர் செவ்மாஷ். ஊர் செவெரோத்வின்ஸ்க். ரஷ்யாவின் வடக்கே, த்வினா ஆறு வெள்ளைக் கடலில் கலக்கிற இடம். டிசம்பரில் பகல் வெளிச்சம் மூன்று நான்கு மணி நேரம்தான். கடல் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும். இங்கே போய் யாராவது கப்பல் கட்டுவார்களா என்று தோன்றும். ஆனால் ஸ்டாலின் காலத்துக் கணக்கு வேறு. கருங்கடலுக்கும் பால்டிக் கடலுக்கும் வாசல் குறுகல். போர் வந்தால் எதிரி அடைத்துவிடலாம். வடக்கே அந்தத் தொல்லை இல்லை. 1936 இல் சதுப்பு நிலத்தில் வேலை தொடங்கியது. தொழிற்சாலையையும் ஊரையும் எழுப்பியதில் யாக்ரின்லாக் என்ற முகாமின் கைதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. செவ்மாஷ் பெருமை பேசும் பதிவுகளில் இந்த வரி மட்டும் எப்படியோ விட்டுப்போகும்.

அந்த இடத்தில் முன்பே ஒரு பழைய மடாலயம் இருந்தது. 1553 இல் ரிச்சர்ட் சான்சலர் என்ற ஆங்கில மாலுமி வந்து கரையேறியது அங்கேதான். இங்கிலாந்துக்கும் ரஷ்யாவுக்கும் கடல் வழி வணிகம் தொடங்கியதும் அப்படித்தான். மடத்தின் கோயில் இன்றைக்கும் தொழிற்சாலை மதிலுக்கு உள்ளேயே நிற்கிறது, அணு நீர்மூழ்கிகளுக்குப் பக்கத்தில்.

1939 டிசம்பர் 21 அன்று முதல் கப்பலுக்கு அடித்தளம் போட்டார்கள். சோவெத்ஸ்காயா பெலாருஸ்ஸியா என்ற ராட்சதப் போர்க்கப்பல். அந்த நாளைத்தான் தொழிற்சாலையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். கப்பல் என்ன ஆயிற்று? மறு வருடமே கைவிட்டார்கள். எஃகுத் தகடுகளை இணைக்க அடித்த ரிவெட்டு ஆணிகளில் சுமார் 70,000 தரமில்லாதவை என்று கண்டுபிடித்தார்கள். ஒன்றிரண்டு என்றால் நோண்டி எடுத்துவிட்டு வேறு அடிக்கலாம். 70,000 ரிவெட்டை என்ன செய்வது? மொத்தத்தையும் ரத்து செய்ததுதான் புத்திசாலித்தனம். இந்த ரிவெட்டுக் கதையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வந்த ஐம்பதுகளின் கதை வேறு. சோவியத்தின் முதல் அணு நீர்மூழ்கியான கே-3 இங்கேதான் 1957 இல் தண்ணீரில் இறங்கியது. 1962 இல் பனிக்கு அடியிலேயே போய் வட துருவத்தைத் தொட்டது. டைட்டானியத்தில் செய்த கே-162, நீருக்கடியில் 44.7 நாட் வேகத்தில் ஓடியது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். வேறு எந்த நீர்மூழ்கியும் அதைத் தாண்டியதாகத் தெரியவில்லை. ஆன செலவைப் பார்த்து அதற்குத் 'தங்க மீன்' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். இரண்டாவது ஒன்று கட்டவே இல்லை. கொம்சொமோலெத்ஸ் என்ற நீர்மூழ்கி 1984 இல் 1,000 மீட்டர் ஆழத்தைத் தாண்டியது. 1989 இல் அது தீப்பிடித்து மூழ்கியதில் 42 பேர் இறந்தார்கள். பின்னாளில் 118 பேரோடு போன குர்ஸ்க்கும் இங்கே கட்டியதுதான். நம் ஊடகங்கள் 'டைஃபூன்' என்று எழுதும் அந்த 48,000 டன் பூதங்கள் எண்பதுகளில் அடுத்தடுத்து ஆறு. உள்ளே சானாவும் சின்ன நீச்சல் தொட்டியும் இருந்தன. மொத்தமாக நூற்றுக்கும் மேற்பட்ட அணு நீர்மூழ்கிகள் இந்த ஒரே தளத்திலிருந்து வந்திருக்கின்றன. பெரிய கூரைக் கூடங்களுக்குள்ளேயே கட்டி, தண்டவாளத்தில் உருட்டி வெளியே கொண்டுவந்து தண்ணீரில் இறக்குவார்கள். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே வெல்டிங் நிற்காது.

திறமையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இத்தனையையும் கட்டிய காலத்தில் அவர்கள் வெளியாள் ஒருவருக்குக் கொட்டேஷன் போட்டுக் கொடுத்து, அந்த விலைக்குள் வேலையை முடிக்க வேண்டிய நிலை வரவே இல்லை. அரசாங்கம் கேட்டது, கட்டினார்கள், செலவு அரசாங்கத்தின் பாடு. அப்படிப்பட்ட ஓர் இடத்தை 1991 க்குப் பிறகு திடீரென்று சந்தையில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும்?

ஆர்டர் இல்லை, சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி, கை தேர்ந்தவர்கள் வெளியேறினார்கள். மிஞ்சியவர்கள் தாங்களே கட்டிய நீர்மூழ்கிகளை வெட்டிப்போடும் வேலையைப் பார்த்தார்கள். டைஃபூன் வரிசையின் முதல் கப்பலைத் தொடங்கி ஐந்து வருடத்தில் கடற்படையிடம் கொடுத்த அதே தளத்தில், 1993 இல் தொடங்கிய 'செவெரோத்வின்ஸ்க்' நீர்மூழ்கி படையில் சேர்ந்தது 2014 இல். ஒரு நார்வே கம்பெனிக்கு 12 ரசாயன டேங்கர் கட்டித் தருவதாக 2004 இல் ஒப்பந்தம் போட்டார்கள். 2008 இல் முறிந்தது, ஒரு கப்பலும் ஒப்படைக்காமலே.

அதே 2004 இல்தான் நாமும் போய்க் கையெழுத்துப் போட்டோம்.

அட்மிரல் கோர்ஷ்கோவ், அதாவது பிற்பாடு விக்ரமாதித்யா என்று பெயர் மாறிய கப்பல், செவ்மாஷில் பிறந்ததே இல்லை. அது கருங்கடல் பக்கம் நிக்கொலாயெவில் கட்டியது. அந்த ஊர் இப்போது உக்ரைனில் இருக்கிறது. செவ்மாஷ் அதுவரை ஒரு விமானந்தாங்கிக் கப்பலைக்கூடக் கட்டியதில்லை. நீர்மூழ்கிக்காரர்களிடம், வேறு ஊரார் கட்டிய கப்பலைக் கொடுத்து, முன்பக்க ஏவுகணைகளை எடுத்துவிட்டு மிக்-29 போர் விமானம் ஓடி எழும்ப மேல்தளம் போடச் சொன்னோம். கப்பல் இலவசம், சீரமைப்புக்கு 97.4 கோடி டாலர், 2008 இல் ரெடி என்று பேச்சு. பழைய வீட்டை வாங்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும். திறக்கத் திறக்க வேலை. கேபிள் மட்டும் 2,000 கிலோமீட்டருக்கு மேல் புதிதாக இழுக்க வேண்டி வந்தது. 2007 இல் தளத்தின் இயக்குநர் பதவி போனது. 2010 இல் விலை 230 கோடி டாலரைத் தாண்டியது. இந்த விலைக்குப் புதுக் கப்பலே மலிவு என்கிற அளவுக்கு நம் தணிக்கைத் துறை கடுமையாக எழுதியது.

2012 செப்டம்பரில் கடலில் ஓட்டிப் பார்த்தபோது எட்டு பாய்லரில் ஏழு கைவிட்டன. உள்சுவருக்குப் பதித்த தீச்செங்கல் வெப்பம் தாங்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம் என்று இந்தியா சொன்னதால்தான் செங்கல் வைத்தோம் என்றது ரஷ்யத் தரப்பு. இருக்கட்டும். ஆனால் மாற்றுப் பொருள் முழு வேகத்தைத் தாங்குமா என்று கரையிலேயே பார்த்துச் சொல்ல வேண்டிய ஆள் யார்? 1940 இல் ரிவெட், 2012 இல் செங்கல். ராட்சதக் கப்பலைக் கட்டத் தெரிந்த இடம் இரண்டு தடவையும் சின்னப் பொருளில் சறுக்கியிருக்கிறது. இரண்டு தடவையும் தளம் தனக்குப் புதிதான வேலையில் கை வைத்திருந்தது.

கடைசியில் 2013 நவம்பர் 16 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நேரில் போய்க் கப்பலை வாங்கிக்கொண்டார். அடுத்த ஜனவரியில் கர்நாடகத்தின் கார்வார் கடற்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்தது.

ஏமாற்றினார்கள் என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. ஏமாற்ற வேண்டுமென்றால் முதலில் உண்மையான செலவு எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! நட்புக்காகச் செய்தார்கள் என்பதும் வேடிக்கை; நட்பு விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறுமா? காய்ந்து கிடந்த ஒரு தளம் மறுபடி பெரிய வேலைக்குப் பழகியது, அந்தப் பயிற்சிச் செலவில் ஒரு பகுதி நம் பில்லில் ஏறியது. இவ்வளவுதான் என் கட்சி. கொச்சியில் புது விக்ராந்த் கட்டியபோதும் தாமதம் வந்தது, செலவு ஏறியது. ஆனால் ரஷ்ய எஃகு கிடைக்காமல் போனதும் இங்கேயே எஃகு உருவாக்கக் கற்றுக்கொண்டோம். அந்தப் பாடத்தின் பலன் நம்மிடமே இருக்கிறது. செவெரோத்வின்ஸ்கில் கொடுத்த பணத்துக்கு அப்படி எதுவும் கைக்கு வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

செவ்மாஷ் இன்றைக்குச் சும்மா இல்லை. போரேய், யாசென் வகை நீர்மூழ்கிகள் அங்கிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. தனக்குத் தெரிந்த தொழிலுக்கு அது திரும்பிவிட்டது. தெரியாத தொழிலைப் பார்க்க வேண்டுமானால் அட்மிரல் நக்கீமொவ் இருக்கிறது. லெனின்கிராடில் கட்டிய அணுசக்திப் போர்க்கப்பல், 1999 முதல் செவ்மாஷில் நிற்கிறது. சீரமைத்து 2018 இல் கொடுப்பதாகச் சொன்னார்கள். கடல் சோதனைக்குக் கிளம்பியது 2025 ஆகஸ்டில். இந்தத் தடவை வாடிக்கையாளர் ரஷ்யக் கடற்படையேதான். 'நம்மை மட்டும் ஏமாற்றினார்கள்' கோஷ்டி இதற்கு என்ன சொல்கிறது என்று கேட்க ஆசை.