எதை எடுக்க, எதை விட?
ஜூலையில் அலாஸ்கா கப்பல் பயணம் என்றால் பெட்டியில் எதைத்தான் வைப்பது? வழியில் வரும் துறைமுக ஊரான கெட்சிகனில் மழை கொட்டும், அதற்கு ரெயின்கோட். கிளேசியர் பே என்ற விரிகுடாவுக்குள்ளே போனால் பனியாற்றிலிருந்து இறங்கி வரும் காற்று மேல்தளத்தில் நிற்பவர்களின் காதைப் பிய்க்கும், அதற்குக் குல்லா, கையுறை, கம்பளி. ஜீன்ஸ் போதாதா? பருத்தி நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். சரி, எல்லாவற்றையும் திணித்தாகிவிட்டது என்று பார்த்தால் கப்பலுக்குள்ளே வெதுவெதுப்பாக இருக்கும், அதற்கு மெல்லிய சட்டை தனியாக வேண்டும்! அப்புறம் ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குக் கோட் சூட்டாம். ஒரே ஒரு வேளைக்கு! அதுவும் அதற்கான ஷூவும் பாதிப் பெட்டியை அடைத்துக்கொள்கின்றன, ஸ்வெட்டர் கை ஜிப்பில் சிக்கி முன்னாலும் போகவில்லை பின்னாலும் வரவில்லை, பல விமானங்களில் 23 கிலோ தாண்டினால் கூடுதல் காசு வேறு. மலையையும் பனியையும் பார்க்கப் போகிறவனுக்கு எதற்கய்யா கோட் சூட்?