ஆறும் அஞ்சும் சேர்ந்தா ஆரஞ்சு?
"ஆரஞ்சில் 11 சுளை, அதனால்தான் ஆறு + அஞ்சு = ஆரஞ்சு, இங்கிலீஷ்காரன் நம்மிடம் சுட்டுவிட்டான்" என்று ஒரு ஃபார்வர்டு சென்னை குடும்ப குரூப்புகளில் சுற்றுகிறது. பொய். கோயம்பேட்டில் ஒரு கிலோ கமலா வாங்கி உரித்துப் பாருங்கள், ஒன்றில் 9 இருக்கும், அடுத்ததில் 10, இன்னொன்றில் 12.

சொல் வந்த வழியே வேறு: சமஸ்கிருத நாரங்க, பாரசீக நாரங், அரபி நாரஞ்ச் என்று மேற்கே போய், ஐரோப்பாவில் முன்னால் இருந்த 'ந' உதிர்ந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷில் நுழைந்தது. ஸ்பானிஷில் அந்த 'ந' இன்னும் இருக்கிறது. முதலில் பழத்துக்குத்தான் பெயர். நிறத்துக்கு 16-ஆம் நூற்றாண்டில்தான் ஒட்டியது, அதுவரை 'மஞ்சள்-சிவப்பு' என்று ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

சரி, தமிழ்ப் பெருமை வேண்டுமென்றால், நாரங்கவுக்கே மூலம் நம்ம நாரத்தங்காய்க்குச் சொந்தமான திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்று மொழியியலாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஆனால் 'ஆரஞ்சு' என்ற வடிவம் இங்கிலீஷிலிருந்துதான் நமக்கு வந்தது.